நீராவி முன்கணிப்பு (அகச்சிவப்பு வானியல்)

தொலைநோக்கிக்கு மேலுள்ள காற்றில் நீராவி எவ்வளவு இருக்கும் என்பதை முன்கூட்டிக் கணிக்கும் முறை. மேலேயுள்ள ஆவி முழுவதும் நீரானால் தரையில் எத்தனை மில்லிமீட்டர் நிற்குமோ, அதுவே அளவு. 1.4, 1.9, 2.7, 6.3 மைக்ரான் அலைநீளங்களையொட்டி நீராவி அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சிவிடுவதால், எந்த இரவில் எந்த ஆய்வு என்பதை இக்கணிப்பைப் பார்த்தே வகுக்கின்றனர்.

தொடக்கம்: 1866-இல் ஜூல் ஜான்சென், ஆவி நிரப்பிய 37 மீட்டர் குழாயில் ஒளியைச் செலுத்தி நீராவியின் நிறமாலைக் கோடுகளை அடையாளம் காட்டினார். இக்கோடுகளைக் கொண்டு மழையை முன்னறியலாம் என்றார் சார்லஸ் பியாசி ஸ்மித்; அதன் பயன் குறித்துக் கருத்து வேறுபாடு இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் ஈரப்பதத்தை அளக்கும் பலூன் கருவிகள் வந்தன.

காதங்கி: பழைய சித்தூர் மாவட்டத்தில், திருப்பதிக்கு அருகே, குன்றுகள் சூழ்ந்த காதங்கியில் 1990-களின் தொடக்கத்தில், வளிமண்டல அடுக்குகளை ஆராயும் எம்.எஸ்.டி. ராடார் இயங்கத் தொடங்கியது. 53 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இதற்கு 1,024 யாகி ஆன்டெனாக்கள். வீட்டு மாடிகளில் நின்ற பழைய டி.வி. ஆன்டெனாவின் இனம்தான். வரிசைக்கு 32 வீதம் 32 வரிசைகளாக, பக்கத்துக்கு ஏறத்தாழ 130 மீட்டர் உள்ள சதுரத்தில் இவை நிற்கின்றன. கீழ்வளிமண்டலத்திலிருந்து திரும்பும் எதிரொலியில் ஈரப்பத வேறுபாட்டுக்குப் பெரும் பங்குண்டு. எனவே எதிரொலியின் வலிமையிலிருந்து ஈரப்பதத்தைக் கணக்கிட முயன்றனர். ஆனால் உயரே செல்லச் செல்ல ஈரம் கூடுகிறதா குறைகிறதா என்பதை வலிமை மட்டும் காட்டாது. பலூன் போன்ற வேறு அளவீடுகளின் துணை வேண்டும். அதனால் இதைத் தனி அளவீடாகக் கொள்ளத் தயங்குவோர் உண்டு. 1997-இல் காற்று அளக்கும் சிறு ராடாரும், 1998-இல் லேசரைப் பயன்படுத்தும் லிடாரும் ஜப்பானிய ஒத்துழைப்புடன் சேர்ந்தன. 2005-இல் காதங்கி ராடார் நிலையம் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் எனப் பெயர் பெற்றது. 2006 முதல் மாலை ஐந்தரை மணியளவில் ஜி.பி.எஸ். பலூன்கள் ஏவப்பட்டன. இத்தரவுகள் பெரிதும் பருவமழை, இடிமழை ஆய்வுகளுக்கே பயன்பட்டன.

வானியலில்: நீராவியில் பெரும்பகுதி தரையையொட்டிய சில கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். மழைக்காலத்தில் காதங்கியில் 50 மி.மீ. அளவை எட்டுவது, 4,500 மீட்டர் உயரத்து லடாக்கின் ஹன்லே வானாய்வகத்தில் குளிர்கால இரவுகளில் 2 மி.மீ.க்கும் குறையக்கூடும். கணினி மாதிரிகள் மலைமுகட்டைத் தேய்த்துத் தாழ்வாகக் காட்டுவதால், உண்மையான உயரத்திலிருந்து மேலுள்ள நீராவியை மட்டும் கூட்டாவிட்டால் கணிப்பு மிகையாகிவிடும்.

அண்மைக்காலம்: சிலியின் பரனால் வானாய்வகத்தில் மைக்ரோவேவ் கதிர்மானி நீராவியை இடைவிடாது அளந்து கணிப்பைச் சரிபார்க்க உதவுகிறது.