பழைய கார்களில் ஆக்சிஜன் சென்சாரும் புகைக்குழாய்ப் பாகங்களும் மாற்றுதல் (பாலிகஞ்ச், கொல்கத்தா)

பாலிகஞ்ச் தெற்குக் கொல்கத்தாவின் பழைய குடியிருப்புப் பகுதிகளில் ஒன்று. கரியாஹாட் சந்தியும், சியால்தாவிலிருந்து தெற்கே போகும் புறநகர் ரயில் பாதையின் பாலிகஞ்ச் நிலையமும் இதன் அடையாளங்கள். மேற்கே பெல்தலாவில் மோட்டார் வாகன அலுவலகம் இருக்கிறது. வடக்கே, பார்க் தெருவும் ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலையும் சந்திக்கும் இடத்தில் மல்லிக் பஜார் இருக்கிறது. பழைய கார் உதிரிபாகங்களுக்கு நகரமே அங்குதான் போகும். பழைய கார் ஒன்றை இங்கே சாலையில் வைத்திருப்பவர் இந்த இரண்டு இடங்களுக்கும் போகாமல் தப்ப முடியாது: ஒன்று பதிவைப் புதுப்பிக்க, மற்றொன்று பாகம் தேட. இந்தக் கட்டுரை அத்தகைய கார்களின் ஆக்சிஜன் சென்சாரையும் (மெக்கானிக்குகள் சொல்வது லாம்ப்டா சென்சார்) புகைக்குழாய்ப் பாகங்களையும் கண்டறிந்து மாற்றும் முறையைப் பற்றியது.

எந்தக் காரில் சென்சார் இருக்கும்

வேலையைத் தொடங்குமுன் காரின் வயதை அறிய வேண்டும். சென்சார் உண்டா, இருந்தால் எத்தனை என்பதை அதுவே சொல்லிவிடும். கொல்கத்தாவுக்கு அருகே உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசிடரின் பழைய பெட்ரோல் வகைகள் 1489 சி.சி. என்ஜினும் கார்புரேட்டரும் கொண்டவை. அவற்றில் ஆக்சிஜன் சென்சாருக்கு வேலையே இல்லை. அந்தத் தொழிற்சாலையில் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது.

1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது. ஈயமில்லாப் பெட்ரோலும் அங்கே அப்போதுதான் வந்தது. ஈயம் கன்வர்ட்டரின் உள்ளே உள்ள உலோகப் பூச்சையும் சென்சாரின் முனையையும் மூடிக் கெடுத்துவிடும் என்பதால் இரண்டும் சேர்ந்தே வர வேண்டியிருந்தது. ஆனால் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது 2000 பிப்ரவரி 1-இல்தான். இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் கன்வர்ட்டர் பொருத்திய கார் நகர எல்லை தாண்டி ஈயப் பெட்ரோல் நிரப்ப நேர்ந்திருந்தால் அதன் கன்வர்ட்டர் அன்றே பாதி செத்திருக்கும். அக்காலத்துக் கார் ஒன்றை இன்று கையில் எடுப்பவர் கன்வர்ட்டரைச் சந்தேகத்தோடு பார்ப்பதே சரி.

சென்சார் வைத்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் எரிபொருள் ஊசி முறை (எம்.பி.எஃப்.ஐ.) 1998-இல் வந்த ஹூண்டாய் சாண்ட்ரோ போன்ற கார்களோடு பரவலானது. 2000-இல் நாடு முழுவதும் யூரோ 1-க்கு இணையான புகை விதிகளும், 2001-இல் கொல்கத்தாவில் பாரத் நிலை 2-உம், 2005-இல் நிலை 3-உம், 2010 ஏப்ரலில் நிலை 4-உம் வந்தன. நிலை 4-க்கு மாறாத மாருதி 800 அப்போது கொல்கத்தா உட்பட 13 நகரங்களில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. எனவே கொல்கத்தாவில் பதிவான மாருதி 800 எதுவானாலும் பதினைந்து வயதைக் கடந்ததாகவே இருக்கும்.

2008 ஜூலையில் கல்கத்தா உயர் நீதிமன்றம் பதினைந்து ஆண்டு கடந்த வணிக வாகனங்களைப் பெருநகரப் பகுதியிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. அந்த உத்தரவு 2009-இல் நடைமுறைக்கு வந்தது. சொந்தக் கார்களை அது தொடவில்லை. பழைய டாக்சிகள் மறைந்த பிறகும் வீட்டுக் கார்கள் எஞ்சியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சென்சார் செய்யும் வேலை

ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். இந்த விகிதத்தை ஒட்டி ஓடினால்தான் மூவழிக் கன்வர்ட்டர் கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருசேரக் குறைக்கும். விகிதத்தைக் காவல் காப்பது ஆக்சிஜன் சென்சார். பாஷ் நிறுவனம் உருவாக்கிய இந்தச் சென்சார் முதலில் 1976-இல் அமெரிக்கச் சந்தைக்கான வோல்வோ கார்களில் பொருத்தப்பட்டது. உள்ளே சூடேற்றி வைத்த வகை 1982-இல் வந்தது.

சென்சாரின் முனை சிர்கோனியா என்னும் பீங்கான் வகை. ஒருபுறம் புகை, மறுபுறம் வெளிக்காற்று. சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும், இருபுறமும் உள்ள ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப அது மின்னழுத்தம் தரும். பெட்ரோல் மிகுந்த கலவைக்கு 0.8, 0.9 வோல்ட், காற்று மிகுந்ததற்கு 0.1, 0.2 வோல்ட். நடுக்கோடு 0.45. நல்ல சென்சார் ஓடும் என்ஜினில் இந்த இரு எல்லைகளுக்கும் இடையே பத்து வினாடிக்குள் பலமுறை ஏறி இறங்கும். ஒரே இடத்தில் நின்றாலோ சோம்பலாக நகர்ந்தாலோ ஏதோ கெட்டிருக்கிறது. கெட்டது சென்சார்தானா என்பது அதற்கடுத்த கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் சென்சாரை மாற்றுவதே பழைய கார்களில் நடக்கும் பெரிய வீண்செலவு. சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு சிறு கசிவு போதும். புகை சீராக ஓடுவதில்லை, என்ஜினின் ஒவ்வொரு வீச்சுக்கும் துடித்துத் துடித்து வருகிறது. இரு துடிப்புகளுக்கு இடையே குழாயில் அழுத்தம் தாழும்போது அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைக் கண்டு கலவையில் காற்று மிகுதி என்று சொல்லும். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் விழும், ஸ்பார்க் பிளக் கறுக்கும், மிகுதிப் பெட்ரோல் கன்வர்ட்டரில் எரிந்து அதையும் சூட்டில் சிதைக்கும். சென்சார் சொன்னது முழு உண்மை. பொய் சொன்னது குழாய். ஆகவே குழாயைச் சரிசெய்த பிறகே சென்சாரைக் குற்றம் சொல்ல வேண்டும்.

தண்ணீர்

பாலிகஞ்சில் புகைக்குழாயின் முதல் எதிரி தண்ணீர். கங்கை வண்டல் நிலத்தில் அமைந்த இந்தத் தாழ்ந்த நகரில் மழைநீர் தானாக வடிவதில்லை. பாலிகஞ்ச் வடிகால் நீரேற்று நிலையம் போன்ற நிலையங்கள் இறைத்து வெளியேற்ற வேண்டியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் பெய்த பெருமழையில் பாலிகஞ்சில் 264 மி.மீ., ஜோத்பூர் பார்க்கில் 285 மி.மீ., கரியா காம்தஹாரியில் 332 மி.மீ. பதிவானது. துர்கா பூஜைக்கு முந்தைய நாட்களில் தெருவில் நின்ற கார்களின் அடிப்பகுதி முழுவதும் நீரில் இருந்தது.

இந்த நீர் மூன்று விதமாகக் கெடுக்கிறது. முதலாவது, சூடான பீங்கானில் குளிர்நீர் பட்டால் வெடிப்பு விழும். கன்வர்ட்டருக்குப் பின்னால் தரைக்கு அருகே இருக்கும் இரண்டாவது சென்சார் இதில் முதலில் போகும். அதன் உள்ளே உள்ள சூடேற்றிக் கம்பி அறுந்தால் ஸ்கேனரில் பி0141 என்ற பழுது எண் வரும். முதல் சென்சாரின் சூடேற்றிக்கு பி0135. இரண்டாவது, பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றைத் தங்கள் மின்கம்பிகளின் இழைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகவே பெறுகின்றன. கனெக்டரில் சேறு புகுந்தால் காற்று அடைபடும், சென்சார் நல்லதாகவே இருந்தும் தவறாகக் காட்டும். மூன்றாவது, துரு.

துரு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும். கரியாஹாட் மார்க்கெட் வரை போய்த் திரும்பும் காரில் சைலன்சர் சூடாவதற்குள் என்ஜின் நின்றுவிடுகிறது. ஆவி அங்கேயே நீராகி, புகையின் அமிலத்தையும் கலந்துகொண்டு, சைலன்சரின் அடித்தட்டை உள்ளிருந்து தின்கிறது. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டுவது இதற்கு மருந்து. சைலன்சரின் தாழ்ந்த இடத்தில் உள்ள சிறு வடிகால் துளையை ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைப்பதும் நடக்கிறது. அடைத்தால் அந்தச் சைலன்சர் வெகுநாள் தாங்காது.

கண்டறிதல்

காது முதல் கருவி. குளிர்ந்த என்ஜினைத் தொடங்கியதும் மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் அது மறைந்தால் கேஸ்கெட்டில் கசிவு அல்லது மேனிஃபோல்டில் வெடிப்பு. உலோகம் விரியும்போது இடைவெளி மூடிக்கொள்கிறது. இணைப்புகளைச் சுற்றி வரிவரியாகக் கரி படிந்திருப்பதும் கசிவின் தடம். குளிர்ந்த நிலையில் சோப்பு நீரை இணைப்புகளில் தெளித்து, ஒருவர் துணியால் வால்குழாயை ஒருகணம் அடைத்தால் கசியும் இடத்தில் நுரை பொங்கும். கன்வர்ட்டரை ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகல என்றால் பீங்கான் உடைந்துவிட்டது.

ஸ்கேனரை எல்லாப் பழைய கார்களிலும் நம்ப முடியாது. இந்தியாவில் காருக்குள்ளேயே பழுது சொல்லும் ஓ.பி.டி. முறை 2010-இல் முதல் கட்டமாகவும் 2013-இல் இரண்டாம் கட்டமாகவும்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய காரில் பொதுவான ஸ்கேனர் பேசாமலே போகலாம். மல்டிமீட்டர் போதும். சூடேற்றியின் இரு கம்பிகளுக்கு இடையே சில ஓம் முதல் பதினைந்து ஓம் வரை காட்டினால் அது உயிரோடு இருக்கிறது. முடிவற்ற எதிர்ப்பு காட்டினால் அறுந்தது. சிக்னல் கம்பியில் மேலே சொன்ன ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம். கன்வர்ட்டரின் திறன் குறைந்தது என்று சொல்லும் பி0420-ஐக் கண்டதும் கன்வர்ட்டரை வாங்க ஓடக் கூடாது. கசிவும் அதே எண்ணை வரவழைக்கும்.

மாற்றும் முறை

பெரும்பாலான சென்சார்களின் மரை 18 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. புரி இடைவெளியும் கொண்டது. ஸ்பானர் அளவு 22 மி.மீ. கம்பி நுழைய வெட்டு விட்ட தனி சாக்கெட் கிடைக்கிறது. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி ஊறவிட வேண்டும். என்ஜினைச் சில நிமிடம் ஓட்டி, குழாய் இளஞ்சூட்டில் இருக்கும்போது கழற்றினால் மரை பிய்வது குறையும். பிய்ந்தால் டேப் போட்டு மரையைத் திருத்தலாம். மிகவும் கெட்டிருந்தால் புதிய நட்டை வெல்டிங் வைப்பதே வழி.

புதிய சென்சாரின் முனையில் எண்ணெயோ கிரீசோ படக் கூடாது. மரையில் மட்டும் ஒட்டாப் பசை இருக்க வேண்டும், பெரும்பாலும் நிறுவனமே பூசித் தருகிறது. முறுக்கு ஏறத்தாழ 40 நியூட்டன் மீட்டர், காரின் கையேடு வேறு சொன்னால் கையேடே சரி. கம்பியை வெட்டி ஈயப் பற்று வைத்து இணைப்பது பழக்கத்தில் உள்ள தவறு. பற்றின் ஈயமும் பசையும் இழைகளுக்கு இடையே ஊறிக் காற்று வழியை மூடிவிடும். அழுத்தி இணைக்கும் கிளிப்போ அந்தக் காருக்கே உரிய கனெக்டரோதான் வேண்டும். கேஸ்கெட் இருக்கும் இடத்தில் சாதாரண சிலிகான் பசை தடவுவதும் ஆகாது. சூட்டில் கிளம்பும் சிலிகான் ஆவி புதிய சென்சாரைச் சில நாளில் மூடிவிடும்.

குழாய் வேலையில் முன்னிருந்து பின்னாகப் போக வேண்டும்: மேனிஃபோல்டு, முன்குழாய், கன்வர்ட்டர், நடுக்குழாய், சைலன்சர். எல்லா இணைப்புகளையும் தளர்வாக மாட்டி, ரப்பர் தொங்கிகளில் எடை சமமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். முதலிலேயே இறுக்கினால் குழாய் முறுகி நிற்கும், அந்த முறுக்கே அடுத்த வெடிப்பாகும். தொங்கிகள் மலிவானவை, அவற்றைப் பழையதாக விட்டு விலையுயர்ந்த சைலன்சரை மாட்டுவதில் பயனில்லை. கழற்றிய கேஸ்கெட் திரும்பப் போடக் கூடாதது. மின்சார வெல்டிங் செய்யும்போது பேட்டரி இணைப்பைக் கழற்றாவிட்டால் ஈ.சி.யூ. போய்விடக்கூடும். ஜாக்கி மட்டும் தாங்கும் காரின் அடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது, தாங்கு ஸ்டாண்டு கட்டாயம்.

மல்லிக் பஜாரில் பழைய குழாய், பிளாஞ்ச், மேனிஃபோல்டு வாங்கலாம். பார்த்துத் தட்டித் தெரிந்துகொள்ளக்கூடிய பொருட்கள் அவை. பழைய சென்சாரும் பழைய கன்வர்ட்டரும் அப்படியல்ல, உள்ளே என்ன நிலை என்று கண்ணால் சொல்ல முடியாது. கன்வர்ட்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் அதை அறுத்தெடுத்து வெறும் குழாய் வைத்துத் தருவதும் உண்டு. கார் லேசாக ஓடுவதுபோல் தோன்றும். ஆனால் புகை விதிகளை ஏமாற்றுவது அது, அந்தப் புகையைச் சுவாசிப்பது அதே தெருவின் குழந்தைகள். மாநில மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் தொடர் காற்றுக் கண்காணிப்பு நிலையம் ஒன்று பாலிகஞ்சிலேயே இருக்கிறது.

புகைச் சோதனை

மத்திய மோட்டார் வாகன விதி 115-இன்படி பாரத் நிலை 2-க்கு முந்தைய பெட்ரோல் கார், என்ஜின் சும்மா ஓடும்போது 3 சதவீதம் கார்பன் மோனாக்சைடும் 1500 பி.பி.எம். ஹைட்ரோகார்பனும் வரை விடலாம். நிலை 2, 3 கார்களுக்கு 0.5 சதவீதமும் 750-உம், நிலை 4 கார்களுக்கு 0.3 சதவீதமும் 200-உம் எல்லை. நிலை 4 காரில் நிமிடத்துக்கு 2500 சுற்று வேகத்தில் லாம்ப்டாவும் (உண்மையான காற்று-பெட்ரோல் விகிதத்தை 14.7-ஆல் வகுத்தது) பார்க்கப்படும். அது 1-லிருந்து 0.03 மட்டுமே விலகலாம். குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று கலந்து லாம்ப்டா உயர்ந்து காட்டும், என்ஜின் குற்றமற்றதாக இருந்தும் கார் தோற்கும். சான்றிதழ் பழைய கார்களுக்கு ஆறு மாதம், நிலை 4 முதல் ஓராண்டு செல்லும்.

இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால் சென்சாரின் பொறுப்பு இன்னும் கூடியிருக்கிறது. எத்தனாலுக்கு எடையில் சுமார் 9 பங்கு காற்றே போதும். எனவே பழைய கணக்கில் பெட்ரோல் ஊற்றும் என்ஜினில் கலவை காற்று மிகுந்ததாகிவிடும். நல்ல சென்சார் உள்ள கார், தன் திருத்த எல்லைக்குள், இதைத் தானே ஈடுசெய்கிறது. கார்புரேட்டர் அம்பாசிடரில் ஜெட்டின் அளவை மெக்கானிக் கையால் மாற்ற வேண்டும், ரப்பர் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்ற வேண்டும்.