டொல்பினுக்கு இன்னொரு பம்ப்

வீரமுனையிலிருந்து கண்டிக்கு ஹயர் போற வேன்காரருக்கு மகியங்கனை வரைக்கும் பாதை பெரிசா தொல்லை தராது. ஹசலக்கவைத் தாண்டினால்தான் 18 வளைவு. ஏறி முடிச்சு, தேத்தண்ணிக் கடையில நிப்பாட்டி, இஞ்சினை ஓஃப் பண்ணி இறங்கின பிறகு பார்த்தால் தண்ணி கொதிச்சு வழியும். ஏறக்குள்ள சும்மா இருந்தது நின்ற பிறகு ஏன் கொதிக்குது?

எங்களில் ஒருத்தரின் வீட்டு வேனுக்கும் இதே கதைதான். அந்த வேனின் ஹயர் காசிலதான் அந்த வீட்டில் ரெண்டு பேர் படிக்கிறாங்க. ஹெட் கேஸ்கட் போனால் படிப்பும் ஆடும். கராஜ்காரக் காக்கா சொன்ன வைத்தியம்: "தம்பி, கரண்ட்ல ஓடுற சின்னப் பம்ப் ஒண்டு சேர்ப்பம்." வரலாறு படிக்கிற நாங்கள் இதைக் கேட்டுப்போட்டு சும்மா இருப்பமா? தேடினோம்.

பம்ப் சேர்க்கிற வேலை நூறு வருசப் பழசு. 1908இல் வந்த ஃபோர்ட் மொடல் டி காரில் முதல் 2,500 அளவிலான வண்டிகளுக்குத்தான் தண்ணீர்ப் பம்ப் இருந்தது. பிறகு ஃபோர்ட் அதைக் கழற்றிவிட்டது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறினது தானாகக் கீழே இறங்கும், பம்ப் எதற்கு என்பது கணக்கு. வண்டி மலிவானது. ஆனால் ஏற்றத்திலும் வெயிலிலும் கொதித்தது. உடனே வேறு கம்பனிகள் அந்தக் காருக்கென்றே பெல்ட்டில் ஓடும் பம்ப் செய்து விற்றன. வாங்கிப் பூட்டினவர்களும் எங்கட காக்காவும் ஒரே பரம்பரை.

பெல்ட்டில் ஓடும் பம்ப் பிறகு எல்லா வண்டிக்கும் வழமையாகிவிட்டது. அதற்கு ஒரு குறை: இஞ்சின் நின்றால் அதுவும் நிற்கும். இரும்பில் தேங்கின சூடோ நிற்காது, அசையாத தண்ணிக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். தேத்தண்ணிக் கடைக் கொதிப்பின் காரணம் இதுதான். 1985இல் போர்ஷ 944 டர்போ காரில், இஞ்சின் நின்ற பிறகும் டர்போவைக் குளிரவைக்கத் தண்ணியைச் சுற்றவிடும் மின்பம்பை கம்பனியே வைத்தது. 2009இல் வந்த டொயோட்டா பிரியஸில் பெல்ட்டே கிடையாது. பிரதான பம்பே கரண்டில்தான் ஓடும்.

எங்கட டொல்பின், அதாவது 1989இல் வந்த ஹையேஸ், இந்த ரெண்டு காலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. இஞ்சின் முன்சீட்டுக்குக் கீழே, காத்து அவ்வளவாகப் படாத இடத்தில். 1977இல் பொருளாதாரம் திறந்த பிறகு ஜப்பான் வேன்கள் ஊர் ஊராக வந்தன. 2020இல் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் கதவு திறந்தது, அதுவும் எங்கட ஆக்களுக்கு எட்டாத விலையில. இருக்கிற வேனைச் சாகவிடாமல் வைத்திருப்பதைத் தவிர வேற வழியில்ல.

முன்பு அனுபவமுள்ள சாரதிகள் ஏற்றம் முடிஞ்சதும் ரெண்டு மூணு நிமிசம் இஞ்சினை ஐட்லில் விட்டுத்தான் நிப்பாட்டுவாங்க. மின்பம்ப் செய்யப்போகும் வேலையை அவங்கட பொறுமை செய்தது. 2022இல் கியூஆர் கோட் காட்டி டீசல் அடிச்ச நாட்களில் யார் நின்ற வண்டியில் எரிபொருளை எரிப்பாங்க?

காக்கா வைத்த பம்ப் கழற்றின ஹைபிரிட் கார் ஒன்றிலிருந்து வந்தது, இன்வேர்ட்டரைக் குளிரவைத்த 12 வோல்ட் பம்ப். அதை ரேடியேட்டரின் பெரிய ஹோஸில் அவர் போடவில்லை. சின்னப் பம்ப் அங்கே நின்றால் பெரிய பம்பின் ஓட்டத்தையே மறிக்கும். ஹீட்டர் ஹோஸில், தண்ணி ஓடும் திசைக்கு அம்புக்குறியைப் பார்த்துப் பூட்டினார். ஒரு ஃபியூஸ், ஒரு ரிலே, சாவி எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் ஓடி தானாக நிற்க ஒரு டைமர். டைமர் இல்லாட்டி விடியக்குள்ள பட்டரி செத்துக் கிடக்கும்.

"இதைப் போட்டதும் 18 வளைவும் பறக்குமா?" எண்டு கேட்டோம். அவர் சிரிச்சார். ஏறக்குள்ள பெல்ட் பம்ப் வேகமாத்தான் சுத்துது, இந்தச் சின்னதால அங்க பெரிய உதவி இல்ல. ஏறும்போதே கொதிச்சால் ரேடியேட்டர் அடைப்பு, மூடி, பேன் இதுகளைப் பார்க்கணும் எண்டார். தேமோஸ்டாட்டைக் கழற்றி எறிஞ்சால் சரியாகும் என்று ஊரில் சொல்ற வைத்தியத்தை அவர் ஏத்துக்கவே இல்ல. ரேடியேட்டரையும் இறக்கிக் கழுவினார், பழைய மூடியை மாத்தினார். அதற்குத்தான் ஒரு முழுநாள் போனது. பம்ப் பூட்ட ஒன்றரை மணித்தியாலம்.

அடுத்த ஹயரில் நாங்களும் போனோம். கடையில வேனை நிப்பாட்டி சாவியை எடுத்த பிறகும் சீட்டுக்குக் கீழே மெல்லிசா ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருந்தது. தேத்தண்ணி பாதி குடிக்க முதல் நின்றுவிட்டது.