கூபர் பீடி

கூபர் பீடி, தெற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தில் அடிலெய்டு நகருக்கு வடக்கே சுமார் 850 கி.மீ. தொலைவில், ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் உள்ள சிற்றூர். ஓப்பல் எனும் மணிக்கல்லுக்குப் பேர்போனது. மக்கள்தொகை 2,000-க்கும் குறைவு. அவர்களில் பெரும்பகுதியினர் நிலத்துக்கு அடியில் குடியிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வருகிறார்கள் என்றாலும், இவ்வூரில் எதுவும் வேடிக்கைக்காகத் தொடங்கியதல்ல. எல்லாம் வெயிலும் கல்லும் படுத்திய பாடு.

1915-இல் தங்கம் தேடி வந்த குழுவில் இருந்த வில்லி ஹட்சிசன் என்ற 14 வயதுச் சிறுவன் இங்கே ஓப்பலைக் கண்டெடுத்தான். முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிரீஸ், இத்தாலி, யுகோஸ்லாவியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்களும் சுரங்கம் தோண்டக் குவிந்தனர். நிலத்தின் பூர்வகுடிகளுடைய உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2011-இல்தான்.

கோடையில் வெப்பம் 45 பாகையையும் தாண்டும். குன்றைக் குடைந்த வீட்டுக்குள்ளோ ஆண்டு முழுவதும் 23 முதல் 25 பாகைதான், குளிர்சாதனம் தேவையில்லை. இங்குள்ள மணற்பாறை குடைவதற்கு மென்மையானது, ஆனால் முட்டுக்கொடுக்காமலே நிற்கக்கூடியது. முன்பு கடப்பாரையால் செய்த வேலையை இப்போது இயந்திரம் செய்கிறது. அதன் பற்கள் வளைவளைவாகக் கீறிய தடத்தைச் சுவரில் அப்படியே விட்டு, தூசு உதிராமல் இருக்க மேலே பூச்சு அடித்துவிடுகிறார்கள். அலமாரி வேண்டுமென்றால் சுவரைக் குடைந்தால் போதும். உள்ளறைகளுக்கு ஜன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் நண்பகலிலும் கும்மிருட்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு கதவும், குன்றின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாய்களும்தான். தங்கும் விடுதி, புத்தகக் கடை எல்லாமே இப்படித் தரைக்கடியில் உண்டு. 1993-இல் குடையப்பட்ட செர்பிய மரபுவழித் தேவாலயம் அவற்றில் மிக அழகியது.

ஊரின் கோல்ஃப் மைதானத்தில் புல் கிடையாது. ஆட்டக்காரர்கள் கையகலச் செயற்கைப் புல்விரிப்பைக் கூடவே எடுத்துச் சென்று, அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார்கள். குழியைச் சுற்றிலும் எண்ணெய் கலந்து இறுக்கிய கருமணல். கோடையில் ஆட்டம் இரவில், ஒளிரும் பந்துகளோடு நடப்பதுண்டு. காரில் அமர்ந்தபடியே படம் பார்க்கும் திறந்தவெளித் திரையரங்கில், வெடிமருந்தை உள்ளே கொண்டுவர வேண்டாம் என்ற அறிவிப்பு ஒரு காலத்தில் உண்மையான எச்சரிக்கையாகவே காட்டப்பட்டது. சுரங்கக்காரர்களின் வண்டியில் டைனமைட் கிடப்பது அவ்வளவு சகஜம். மரமற்ற நிலத்தில் பழைய இரும்பை ஒட்டவைத்து ஒரு ‘மரம்’ செய்து குன்றின்மேல் நட்டிருக்கிறார்கள்.

வேற்றுக்கிரகம் போன்ற இந்த நிலத்தைத் திரைப்படக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. மேட் மேக்ஸ் வரிசையின் மூன்றாம் படத்தின் (1985) காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன. ‘பிட்ச் பிளாக்’ (2000) படக்குழு விட்டுச்சென்ற விண்கலம் இன்றும் ஊருக்குள் கிடக்கிறது.

சுரங்கத்திலிருந்து கொட்டிய மண்மேட்டைச் சலித்து, தப்பிய ஓப்பலைத் தேடுவது ஊர்க்காரர்களின் பொழுதுபோக்கு, சிலருக்குப் பிழைப்பும்கூட. பயணிகளுக்கென்று இதற்குப் பொது இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. பிறர் உரிமம் பெற்ற நிலத்தில் அனுமதியின்றிக் கால்வைக்கக் கூடாது. ஊரைச் சுற்றி மூடப்படாத குழிகள் ஏராளம். ‘ஓடாதீர்கள், பின்னோக்கி நடக்காதீர்கள்’ என்று எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருப்பது அதனால்தான். படம் எடுக்கும் மும்முரத்தில் பின்னால் அடியெடுத்து வைக்கும் பழக்கமுள்ளவர்கள் அந்தப் பலகையை ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு இறங்குவது நல்லது.