சத்தத்திற்காகப் பிறந்த கித்தார்

மின்சாரக் கித்தார் வருவதற்குச் சற்று முன்னால், வயிற்றுக்குள் அலுமினியக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பேசிய ஒரு கித்தார் இருந்தது. அதற்கு ரெசொனேட்டர் கித்தார் என்று பெயர். (பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் ஆகையால் என் வாயில் 'கிட்டார்' வருவதில்லை, கித்தார்தான்.)

கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. 1880களின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற மாணவர், கம்பிகளை விரலால் அழுத்தாமல் ஓர் இரும்புத் துண்டை அவற்றின்மேல் வழுக்கி வாசிக்கும் முறையைக் கண்டுபிடித்தார் என்பார்கள். கித்தாரை மடியில் படுக்க வைத்துக்கொள்வார்கள். விரலால் அழுத்தும்போது ஸ்வரங்கள் படிக்கட்டு மாதிரி தனித்தனியாக வரும். இரும்பை வழுக்கினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து போகும். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அதிலும் மெட்டுகள் கிடையாது; கையிலுள்ள கட்டை நகர நகரத்தான் கமகம் பிறக்கிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழைக் கறுப்பின மக்களும் இப்படி வாசித்தார்கள். மிசிசிப்பியில் டட்வைலர் ரயில் நிலையத்தில், 1903 வாக்கில், ஒருவர் கத்தியைக் கம்பிமேல் வைத்து வாசித்ததைக் கேட்டதாக டபிள்யூ. சி. ஹாண்டி தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உடைத்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தவர்களும் உண்டு.

1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த பெரிய கண்காட்சிக்குப் பிறகு, ஹவாய் இசை அமெரிக்கா முழுவதும் பரவியது. அப்போதுதான் சிக்கல் வந்தது. சாக்ஸபோனும் டிரம்பெட்டும் முழங்கும் அரங்கில் மரக் கித்தாரின் சத்தம் யார் காதில் விழும்?

லாஸ் ஏஞ்சலஸில் மேடைக் கலைஞராக இருந்த ஒருவருக்கும் இதே கவலை. அவர் பெயரை எழுத்தில் பார்த்தால் நாங்கள் 'போஷான்' என்றுதான் படிப்போம். அமெரிக்காவில் அது ஜார்ஜ் பீச்சம்! உரத்த கித்தார் வேண்டும் என்று அவர் ஜான் டோப்யேராவிடம் கேட்டார். டோப்யேரா ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறிய வாத்தியத் தொழிலாளி. அவர் மெல்லிய அலுமினியக் கூம்புகள் மூன்றை உள்ளே வைத்து, கம்பிகளின் அதிர்வு ஒரு பாலத்தின் வழியாக அவற்றில் இறங்கும்படி செய்தார். ரேடியோவின் ஒலிபெருக்கிக்குள் காகிதக் கூம்பு அதிர்கிறதே, அதே வேலைதான். மின்சாரம் மட்டும் இல்லை. உடல் ஜெர்மன் சில்வர். நம் வீட்டுப் பாத்திரங்களில் பார்த்த அதே உலோகம். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும். 1927இல் நேஷனல் என்ற கம்பெனி இதைத் தயாரித்தது.

கொஞ்ச நாளில் கூட்டாளிகளுக்குள் மனஸ்தாபம். டோப்யேரா விலகி, சகோதரர்களுடன் சேர்ந்து ஒற்றைக் கூம்புள்ள 'டோப்ரோ'வைச் செய்தார். டோப்யேரா சகோதரர்கள் என்பதன் சுருக்கம் அது; ஸ்லோவாக் மொழியில் 'நல்லது' என்றும் பொருள்.

ஆனால், உரத்த கித்தார் கேட்ட அதே பீச்சம்தான் அதற்குப் போட்டியையும் கொண்டுவந்தார். நேஷனலுக்கு உலோக உடல்கள் செய்து கொடுத்த அடால்ப் ரிக்கன்பேக்கருடன் சேர்ந்து, 1932 வாக்கில் மின்சாரக் கித்தாரை விற்பனைக்கு விட்டார். அதுவும் மடியில் வைத்து வழுக்கி வாசிக்கிற கித்தார்தான். சத்தம் பெரிதானது, கூம்புக்கு வேலை குறைந்தது. 1940களில் இரு வகைகளின் தயாரிப்பும் நின்றுபோனது.

அத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. சன் ஹவுஸ், புக்கா வைட் போன்ற ப்ளூஸ் கலைஞர்கள் இரும்பு உடல் கித்தாரை வாசித்தார்கள். 1950களில் ஜோஷ் கிரேவ்ஸ் டோப்ரோவை ப்ளூகிராஸ் இசையில் நிலைநிறுத்தினார். இப்போது அதை யாரும் சத்தத்திற்காக வாங்குவதில்லை. தகரமும் மணியும் கலந்த அந்தக் குரலுக்காக வாங்குகிறார்கள். ஒரு பொருள் எதற்காகச் செய்யப்பட்டதோ அந்தத் தேவை தீர்ந்த பிறகுதான், அதன் உண்மையான குணம் நமக்குப் புரிகிறது போலும்.

பேரப்பிள்ளைகளின் கைபேசியில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பிறகு கோட்டுவாத்தியத்தையும் கேளுங்கள். இரண்டும் ஒரே உறவுமுறை என்று தோன்றும்.