விரல் நுனியும் பேஸ் கிடார் தந்தியும்

ஹெவி மெட்டலின் அந்த உறுமலுக்குப் பின்னால் ஒரு தொழிற்சாலை விபத்து இருக்கிறது. 1965-ல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனின் வலது கை இயந்திரத்தில் சிக்கி, நடு விரல், மோதிர விரல் நுனிகள் துண்டாயின. அதுவும் வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில்! இடது கைப்பழக்கம் உள்ளவர். தந்தியை அழுத்துவது அந்த வலது கைதான்.

பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல்களுக்குத் தொப்பி செய்துகொண்டார். மெல்லிய கிடார் தந்தி கடையில் கிடைக்காததால் பாஞ்சோ தந்தியைப் போட்டார். 1971-ல் பிளாக் சபாத்தின் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாடல்களுக்குச் சுருதியையே மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தது, விரலுக்கு நிம்மதி.

பேஸ் வாசித்த கீஸர் பட்லரும் கூடவே இறக்க வேண்டியதாயிற்று. ஆனால் கிடாருக்கு வரமான தளர்ச்சி பேஸுக்குத் தொல்லை. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறும். மெர்சென் 1636-லேயே எழுதி வைத்த விதி இது. மூன்று அரைச்சுரம் இறக்கினால் சுமார் 30 சதவீத இழுவிசை போய்விடும். தொளதொளத்த தந்தி ஃப்ரெட்டில் பட்டுச் சடசடக்கும்.

1990களில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் தி மெஷின் போன்ற குழுக்களால் 'டிராப் டி' பரவியது. இதில் தடித்த தந்தி மட்டும் 'ஈ'யிலிருந்து 'டி'க்கு இறங்கும். வழக்கமான 0.105 அங்குலத் தந்தி அப்போது 20 சதவீத இழுவிசையை இழக்கும். பழைய இறுக்கம் வேண்டுமென்றால் கணக்குப்படி 0.118, கடையில் 0.115 அல்லது 0.120 வாங்கலாம். மற்ற மூன்றையும் தொட வேண்டாம். 'சி' வரை இறக்குபவர்கள் ஐந்து தந்தி செட்டின் 0.130 'பி' தந்தியையே எடுத்து மாட்டுவதுண்டு. அது உட்கார நட்டின் பள்ளத்தை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டியிருக்கும்.