வீட்டு ரொட்டியும் உணவின் அளவும்



2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. வீட்டை விட்டு வெளியே போக முடியாத அந்நாள்களில் பல குடும்பங்கள் கோதுமை மாவும் ஈஸ்டும் வாங்கி, வீட்டிலேயே ரொட்டி சுடக் கற்றுக்கொண்டன. ஆணை நீங்கிய பின்னும் பல வீடுகளில் அந்தப் பழக்கம் நீங்கவில்லை. ரொட்டி வேகும் மணம் வாசல்வரை வருகிறது. வெளியே எடுத்த சூட்டிலேயே முக்கால் ரொட்டி தீர்ந்துவிடுகிறது. பிறகு எடைப் பொறியில் ஏறி நின்று, "வீட்டில் ரொட்டி சுட்டதனால்தான் உடம்பு பெருத்துவிட்டதோ?" என்று கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்கு விடை தேட, நிபோங் திபால் வட்டாரத்தில் நம் முன்னோர் உண்ட உணவின் வரலாற்றைச் சிறிது திரும்பிப் பார்ப்போம்.

கிரியான் ஆற்றை ஒட்டிய இந்தப் பகுதி, ரப்பர் வருவதற்கு முன் கரும்பு விளைந்த நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் இங்குக் கரும்பு வெட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. பயிரும் முறையும் மாறினாலும் தொழிலாளியின் தட்டில் மாறாமல் இருந்தது சோறு. அதுவும் புழுங்கலரிசிச் சோறு. அதற்கு அரிசி அளந்துதான் கிடைத்தது. உழைப்போ அளவில்லாமல் இருந்தது.

அந்தப் புழுங்கலரிசி நம்மவரின் உயிரைக் காத்தது என்பது பலர் அறியாத செய்தி. அக்காலத்தில் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கானோரை வாட்டியது. கால் மரத்துப்போகும், உடல் வீங்கும், இதயம் தளர்ந்து உயிர் போகும். தீட்டிய வெள்ளைப் பச்சரிசியை உண்ட சுரங்கத் தொழிலாளர்களிடையே இந்நோய் மிகுதி. புழுங்கலரிசி உண்ட தமிழரிடையே மிகவும் குறைவு. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டினார்.

1905ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர் மனநோய் விடுதியில் மருத்துவர் பிளெட்சர் ஒரு சோதனை தொடங்கினார். அங்கிருந்தவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளைப் பச்சரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். புழுங்கலரிசி உண்டவர்களில் அந்நோயால் ஒருவரும் இறக்கவில்லை. காரணம் என்ன? நெல்லை அவிக்கும்போது உமிக்குக் கீழுள்ள தவிட்டுப் படலத்தின் சத்து அரிசிக்குள் இறங்குகிறது. பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அதில் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. அந்தச் சத்துக்கு வைட்டமின் பி1 என்று பிற்காலத்தில் பெயர் வந்தது.

இதில் நமக்கு முதற்பாடம் கிடைக்கிறது: தானியத்தை ஆலை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே அது உடம்பில் வேலை செய்கிறது. வெள்ளைக் கோதுமை மாவும் தவிடும் முளையும் நீக்கப்பட்டதுதான்.

இரண்டாவது பாடம் கடல் கடந்து, பிரிட்டனிலிருந்து வருகிறது. முதல் உலகப் போரின்போது அங்குக் கோதுமைக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. 1917இல் அந்நாட்டு அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது: சுட்டு 12 மணி நேரம் ஆகாத ரொட்டியை விற்கக் கூடாது! ஏன் தெரியுமா? புது ரொட்டி மென்மையானது. அதை மெல்லியதாக அரிய முடியாது. அதன் மணமும் சுவையும் மேலும் ஒரு துண்டு கேட்கச் செய்யும். ஆறிப்போன ரொட்டி என்றால் தேவைக்கு மட்டும் உண்பார்கள். இன்று நம் வீட்டு மேசையில் நடப்பதை ஓர் அரசாங்கம் நூறாண்டுக்கு முன்பே கணக்கிட்டிருக்கிறது.

நம் குடும்பங்களிலோ இதனோடு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. அதுதான் பசியின் நினைவு. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். அரிசி வரத்து நின்றது. மரவள்ளிக்கிழங்கே பலருக்குக் காலையும் மாலையும் உணவாயிற்று. தோட்டங்களிலிருந்து எத்தனையோ ஆண்கள் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பவே இல்லை. 1945இல் போர் முடிந்த பின்னும் அரிசிப் பங்கீடு நீடித்தது. அந்தப் பஞ்சத்தைக் கண்ட பாட்டி தட்டில் ஒரு பருக்கை மிஞ்சவும் விடமாட்டார். "போட்டுக்கோ, போட்டுக்கோ" என்பதுதான் அவரறிந்த அன்பு. அந்த அன்பைக் குறைசொல்ல நமக்கு உரிமையில்லை. ஆனால் அவர் பரிமாறியது, விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போய், நூற்றுக்கணக்கான மரங்களைச் சீவி, காண்டா வாளியில் பால் சுமந்து வந்த உடம்புக்கு!

ரொட்டியும் நம் லயங்களுக்குப் புதிதன்று. ரொட்டிக்காரர் மிதிவண்டியில் மணியடித்துக்கொண்டு வருவார். கையில் இருக்கும் காசுக்கு வாங்கி, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு துண்டு, வரக்கோப்பியில் தோய்த்துத் தின்பது வழக்கம். அந்த ரொட்டிக்கு எல்லை வகுத்தது காசு. இன்று அடுப்பு நம்முடையது, மாவும் விலை மலிவு. காசு வகுத்த எல்லை போய்விட்டது. நாமாக ஓர் எல்லையை இன்னும் வகுத்துக்கொள்ளவில்லை.

கணக்கைப் பார்ப்போம். அரைக் கிலோ மாவில் செய்த ஒரு வீட்டு ரொட்டியில், சர்க்கரையும் எண்ணெயும் சேர்த்து, ஏறக்குறைய 2,000 கலோரி இருக்கிறது. கடின உடலுழைப்பு இல்லாத ஒரு பெண்ணுக்கு ஒரு நாள் முழுவதும் தேவைப்படும் அளவு அது. ஒரு மேசைக்கரண்டி மார்ஜரின் தடவினால் மேலும் 100 கலோரி. எடைக்கு எடை பார்த்தால், ரொட்டியில் உள்ள கலோரி சோற்றைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. சோற்றில் நீர் மிகுதி, ரொட்டியில் குறைவு. ஆகவே ரொட்டியைப் "பலகாரம்" என்று எண்ணித் தின்றுவிட்டு, பிறகு வழக்கமான சோற்றையும் உண்டால் எடை ஏறத்தான் செய்யும்.

இதை விளையாட்டாக எண்ண வேண்டாம். 2019இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் பாதிப்பேர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உடையவர்கள். ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் நீரிழிவு இந்தியரிடையேதான் மிகுதி. தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் பட்டணத்துக்கும் போன நம் பிள்ளைகள் நின்ற இடத்திலும் உட்கார்ந்த இடத்திலும் வேலை செய்கிறார்கள். உழைப்பு மாறிவிட்டது, தட்டு மாறவில்லை.

அப்படியானால் வீட்டில் ரொட்டி சுடுவதை விட்டுவிடலாமா? வேண்டியதில்லை. வீட்டில் சுடுவதால் மட்டும் யாரும் பருப்பதில்லை. அளவின்றி உண்பதால் பருக்கிறோம். கடை ரொட்டியில் என்ன சேர்த்தார்கள் என்பதை உறையைப் படித்துத்தான் அறிய வேண்டும். வீட்டு ரொட்டியில் சேர்ப்பது நம் கை. பாதி வெள்ளை மாவும் பாதி ஆட்டா மாவும் கலக்கலாம். ஆட்டாவிலும் கலோரி ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் அதன் நார்ச்சத்து விரைவில் வயிற்றை நிரப்பிவிடும். சர்க்கரையைப் பாதியாகக் குறைக்கலாம். மாலையில் சுட்டு, இரவெல்லாம் ஆறவிட்டு, காலையில் மெல்லியதாக அரியலாம். மார்ஜரினுக்கும் டின் பாலுக்கும் பதிலாகப் பருப்புக் கறியோடு உண்ணலாம். ரொட்டி உண்ட வேளையில் சோற்றைக் குறைக்கலாம்.

இன்னொரு வழியும் உண்டு. அது லயத்தில் நம் பாட்டிமார் காட்டிய வழி. நல்லது எது சமைத்தாலும் அடுத்த வீட்டுக்கு ஒரு கிண்ணம் போகும். சுட்ட ரொட்டியில் பாதியை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் அங்கே உறவு வளரும், இங்கே எடை வளராது.

பஞ்சத்தில் நம்மவரைக் காத்தது பகிர்ந்துண்ணும் பழக்கம். அது இந்த நிறைவான காலத்திலும் நம்மைக் காக்கும்.