சவலையும் குவாஷியார்கரும்: சிசிலி வில்லியம்ஸின் மருத்துவத்தில் தாய்மாரின் சொல்

தாய் மறுபடி கருவுற்றதால் பால் மறக்கடிக்கப்பட்டு மெலிந்துபோகும் பிள்ளையைத் தமிழில் சவலை என்கிறோம். அந்தச் சொல்லில் பிள்ளையின் உடம்பும் இருக்கிறது, வீட்டில் நடந்ததும் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில், அன்று பொற்கரை என்றும் இன்று கானா என்றும் அழைக்கப்படும் நாட்டில், கா மொழி பேசும் பெண்களிடம் இதற்கு உறவான ஒரு சொல் இருந்தது: குவாஷியார்கர். அடுத்த குழந்தை வந்ததும் இடம் இழந்த பிள்ளையைப் பற்றும் நோய் என்று அதற்குப் பொருள் சொன்னார்கள். சவலை மெலிவைக் காட்டும் சொல். குவாஷியார்கரிலோ உடம்பு வீங்கும். ஆனாலும் இரண்டு சொல்லும் ஒரே தருணத்தைச் சுட்டுகின்றன.

அச்சொல்லை மருத்துவ இலக்கியத்துக்குள் கொண்டுவந்தவர் குழந்தை மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் (1893–1992). புரதக் குறைவு நோயைக் கண்டறிந்தவர் என்றே அவரைப் பெரும்பாலும் நினைவுகூர்கிறார்கள். இந்த நினைவு அவரைச் சிறிதாக்கிவிடுகிறது. தாய்மாரின் சொல்லை நோயறிதலாக ஏற்றுக்கொண்டதே அவருடைய முதன்மையான பங்களிப்பு என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

ஜமைக்காவில் பிறந்த வில்லியம்ஸ், முதல் உலகப் போரில் ஆண் மாணவர்கள் போர்முனைக்குப் போய்விட்ட காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். 1929இல் காலனி மருத்துவப் பணியில் பொற்கரைக்குப் போனார். அங்கே ஒரு வயது முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைகள் கைகால் வீங்கி, தோல் கருத்து உரிந்து, எரிச்சலும் சோர்வுமாக அவரிடம் வந்தார்கள். பலர் இறந்தார்கள். பால் நின்றபின் அவர்கள் உண்டது பெரும்பாலும் மக்காச்சோளக் கஞ்சிதான். 1933இல் அவர் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் நோய்க்குப் பெயர் இல்லை. காரணத்தைப் பற்றியும் அடக்கமாகவே பேசினார். ஏதோவொரு அமினோ அமிலமோ புரதமோ குறைந்திருக்கலாம் என்பதை ஒரு சாத்தியமாக மட்டும் வைத்தார்.

எதிர்ப்பு உடனே வந்தது. வெப்பமண்டல நோய்களில் பெயர்பெற்ற ஹியூ ஸ்டானஸ், இது ஏற்கெனவே தெரிந்த பெலாக்ரா என்ற சத்துக்குறைவு நோய்தான் என்றார். வில்லியம்ஸ் 1935இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே குவாஷியார்கர் என்ற சொல்லை வைத்தார். இச்செயலின் கனத்தை நாம் போதிய அளவு உணரவில்லை என்று நினைக்கிறேன். அதிகாரம் பெற்ற ஒரு நிபுணரின் வகைப்பாட்டுக்கு எதிரே எழுத்தறியாத பெண்களின் அவதானிப்பை, அவர்களுடைய மொழியிலேயே, சான்றாக நிறுத்தியிருக்கிறார். காலனிய மருத்துவம் அந்தப் பெண்களை அறிவுரை கேட்க வேண்டியவர்களாகவே பார்த்தது. இவர் அவர்களிடம் கேட்டறிந்தார்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த சத்துணவுக் கொள்கை, சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டது. 1955இல் ஐக்கிய நாடுகள் அமைப்பில் புரத ஆலோசனைக் குழு அமைந்தது. 1968 வாக்கில் உலகப் புரத நெருக்கடி என்றே பேசினார்கள். மீன்மாவு போன்ற புரதச் செறிவுகளைத் தேடினார்கள். அந்த அலையின் நடுவே, சேலத்தில் பிறந்து ஹைதராபாதில் ஆய்வு செய்துகொண்டிருந்த சி. கோபாலன் சங்கடமான ஓர் உண்மையை முன்வைத்தார்: குவாஷியார்கர் வந்த பிள்ளைகளும் மராஸ்மஸால் வற்றிய பிள்ளைகளும் உண்ட உணவில் புரத அளவைப் பொறுத்துத் தெளிவான வேறுபாடு இல்லை. 1974இல் டொனால்ட் மெக்லாரன், லான்செட்டில், புரதக் கொள்கை முழுவதையும் பெருந்தோல்வி என்று கண்டித்தார். மலாவியில் இரட்டைக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2013இல் வெளியான ஆய்வு ஒன்று குடல் நுண்ணுயிர்களின் பங்கைக் காட்டியது. காரணம் இன்றும் முழுதாக விளங்கவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஒரே வீட்டில், ஒரே தாயிடம் வளர்ந்த இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருமானால், இடம் இழந்த பிள்ளை என்ற விளக்கமும் போதாதுதானே? போதாதுதான். உயிரணுவுக்குள் நடப்பதை அச்சொல் விளக்காது. ஆனால் எந்த வயதில், எந்தத் திருப்பத்தில் பிள்ளை ஆபத்துக்கு ஆளாகிறது என்பதை அது சரியாகக் காட்டியது. மருத்துவர் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கு அது போதும். தாயையும் சேயையும், சிகிச்சையையும் தடுப்பையும் பிரிக்கக் கூடாது என்று வில்லியம்ஸ் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியது இந்தப் புரிதலிலிருந்துதான்.

1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டபோது அவர் கண்ட இடப்பறிப்பு வேறு விதமானது. அங்கே தாய்ப்பாலின் இடத்தைச் சர்க்கரை சேர்த்த டின் பால் பிடித்துக்கொண்டிருந்தது. செவிலியர்போல் உடுத்திய பெண்கள் அதைத் தாய்மாரிடம் விற்றார்கள். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில், 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில், இவ்வாறு நேரும் குழந்தை மரணங்களைக் கொலையாகவே கருத வேண்டும் என்று பேசினார். தாய்ப்பால் மாற்றுப் பொருள்களின் விற்பனையைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு நெறிமுறையை உலக சுகாதார அமைப்பு ஏற்க, 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1948இல் அந்த அமைப்பின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவராக ஜெனீவாவுக்குப் போனபோது, பொற்கரையோடு சிங்கப்பூரின் சாங்கிச் சிறையின் அனுபவமும் அவருக்கு இருந்தது. ஜப்பானியர் ஆக்கிரமிப்பில் அங்கே கைதியாக இருந்த அவரை, இராணுவக் காவல்படை 1943இல் இழுத்துச் சென்று மாதக்கணக்கில் கூண்டில் அடைத்தது. பெரிபெரி நோயும் வந்தது. பட்டினி நிறைந்த அந்தச் சிறைமுகாமில் பிறந்த 20 குழந்தைகளைப் பற்றிப் பின்னாளில் அவர் பதிவு செய்திருக்கிறார். இருபது பேரும் தாய்ப்பால் குடித்தார்கள். இருபது பேரும் பிழைத்தார்கள்.